பிரிட்டனின் ஆலை நகரங்களில் கழிந்த பிள்ளைப் பருவம்: அந்த ஏக்கம் எதற்காக?

1940-களின் இறுதியிலும் 1950-களிலும் பிரிட்டனின் சிறு நகரங்களில் வளர்ந்தவர்கள் அந்த நாட்களைப் பற்றி ஏன் இவ்வளவு வாஞ்சையோடு பேசுகிறார்கள், ரேஷனும் நிலக்கரிப் புகையும் பிரம்படியும் நிறைந்த அந்தக் காலம் உண்மையிலேயே அவ்வளவு இனிமையாக இருந்ததா என்பது கேள்வி. வீட்டு வசதி, உடல்நலம், கல்வி என எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது கடினமான காலம். ஆனாலும் அந்த முதியவர்கள் சொல்வதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுக்காண்டு ஏதாவது ஒன்று வீட்டுக்குள் புதிதாக வந்துகொண்டிருந்ததையும், தெரு பிள்ளைகளின் கையில் இருந்ததையும்தான் அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பிப் போய்ப் பார்க்க அந்தத் தெருக்களில் பல இன்று இல்லை என்பது ஏக்கத்தைக் கூட்டுகிறது. லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களில் பல ஆண்டுகளாக வசிப்பவன், அங்குள்ள முதியவர்களோடு நிறையப் பேசியவன் என்ற முறையில், பெரும்பாலும் போல்ட்டன், ஓல்டம், ராச்டேல், பர்ன்லி, சால்ஃபோர்டு ஆகிய ஊர்களை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் மிட்டாயிலிருந்து தொடங்குவதுதான் நியாயம், ஏனென்றால் அந்தத் தலைமுறையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அது அங்கேதான் போய் நிற்கும். பிரிட்டனில் உணவு ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கியது. மிட்டாயும் சாக்லெட்டும் 1942 ஜூலையில் அதில் சேர்ந்தன. ஒரு பிள்ளைக்கு நான்கு வாரத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் 12 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 340 கிராம். போர் 1945-ல் முடிந்தும் ரேஷன் முடியவில்லை; போர்க்காலத்தில்கூடக் கட்டுப்பாடின்றிக் கிடைத்த ரொட்டி 1946 முதல் 1948 வரை ரேஷனுக்கு உட்பட்டது. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு விலக்கு அளித்தார்கள். கடைகள் காலியாகும் அளவுக்கு மக்கள் வாங்கித் தீர்த்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. கடைசியாக 1953 பிப்ரவரி 5 அன்றுதான் அது நீங்கியது. 1942-க்குச் சற்று முன்னோ பின்னோ பிறந்த ஒரு பிள்ளைக்குக் கூப்பன் இல்லாமல் கடைக்குள் நுழைந்து, உயரமான கண்ணாடி ஜாடியைக் காட்டி, இரண்டு அவுன்ஸ் பேரிக்காய் மிட்டாயைத் தராசில் நிறுத்து வெள்ளைக் காகிதப் பையில் வாங்கியதுதான் வாழ்க்கையில் கிடைத்த முதல் தாராளம். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட சர்க்கரைத் தூளை நக்கியதுவரை அவர்களுக்கு நினைவிருக்கிறது. இறைச்சிக்கான கட்டுப்பாடு 1954 ஜூலை வரை நீடித்தது என்பதைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. அது அம்மாக்களின் கவலை.

ஒரு மனிதரின் நினைவு மிகத் தாழ்ந்த புள்ளியில் தொடங்கி, அடுத்த பதினைந்து ஆண்டுகள் வாழ்க்கை மேல்நோக்கியே போனால், அந்தப் பருவம் அவர் மனத்தில் ஒளியோடுதான் தங்கும். 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, அதுவரை மருத்துவரின் கட்டணத்துக்குப் பயந்து நோயைப் பொறுத்துக்கொண்ட வீடுகளுக்கு மருத்துவர் இலவசமாக வந்தார். 1949 மார்ச்சில் துணிக்கான கூப்பன் ஒழிந்தது, 1952 அக்டோபரில் தேயிலைக்கான கட்டுப்பாடு நீங்கியது, 1953 ஜூன் 2 அன்று நடந்த முடிசூட்டு விழாவைப் பார்க்கத் தெருவில் முதன்முதலாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வீட்டில் அக்கம்பக்கத்தார் அனைவரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கூடினார்கள். அன்று அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். எவரெஸ்ட் உச்சியை மனிதர் முதன்முதலாக அடைந்த செய்தி லண்டன் பத்திரிகைகளில் வெளிவந்ததும் அதே காலையில்தான். 1950-களின் பெரும்பாலான ஆண்டுகளில் வேலையின்மை இரண்டு சதவீதத்தை ஒட்டியே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1930-களின் வேலையில்லாக் கொடுமையைப் பார்த்திருந்த பெற்றோரின் முகத்தில் இருந்த நிம்மதி பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

(தேயிலையைச் சொன்னதால் ஒரு குறிப்பு. வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் என்று அளந்து கொடுக்கப்பட்ட அந்தத் தேயிலையில் கணிசமான பகுதி இலங்கையின் மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்துக் கொடுத்தது. பிரிட்டனில் சுகாதார சேவை பிறந்த அதே 1948-ல்தான், இலங்கையின் புதிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. லங்காஷயர் முதியவர்களிடம் இதைச் சொன்னால் வியப்போடு கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிய வழியில்லை.)

இப்போது தெருவுக்கு வருவோம். ஆலை நகரத்துத் தெரு என்பது முன்வாசல் நேராக நடைபாதையில் திறக்கும் செங்கல் வீடுகள் இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நீண்ட வரிசை. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, பின்கட்டில் சிறிய முற்றம், முற்றத்தின் மூலையில் கழிப்பறை. அங்கே ஆணியில் குத்தித் தொங்கும் செய்தித்தாள் துண்டுகள். 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பிரிட்டனின் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில் நிலையான குளியல் தொட்டி இல்லை. வெள்ளிக்கிழமை இரவு, முற்றத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தகரத் தொட்டியை இறக்கிக் கணப்புக்கு முன்னால் வைத்து, ஒரே வெந்நீரில் வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். இதை இன்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் முன்னால் நின்றவர்கள் என்பது என் சந்தேகம்.

அந்த வீட்டுக்குள் இடம் இல்லாததால்தான் பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். வெளியே இருக்க முடிந்ததற்குக் காரணம் மோட்டார் வண்டி இல்லாமைதான். 1951-ல் ஏழு குடும்பங்களில் ஒன்றிடம் மட்டுமே கார் இருந்தது. ஆலைத் தெருக்களில் அதுவும் கிடையாது. பால் வண்டி, நிலக்கரி வண்டி, பழந்துணி வாங்குபவரின் குதிரை வண்டி ஆகியவை வந்துபோகும் நேரம் தவிர, கருங்கல் பாவிய சாலை முழுவதும் பிள்ளைகளுடையது. விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடினார்கள். ஆலைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் மூன்று கோடு கிழித்து அதையே ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். கோலி, பம்பரம், பாண்டி எல்லாம் இருந்தன. இலையுதிர் காலத்தில் குதிரைச் செஸ்ட்நட் காய்களைக் கயிற்றில் கோத்து ஒன்றை ஒன்று அடித்து உடைத்தார்கள். நவம்பர் 5-க்கு முன்பு பழைய கால்சட்டைக்குள் காகிதத்தைத் திணித்து, முன்னொரு காலத்தில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கய் ஃபாக்ஸின் பொம்மையைச் செய்து, அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருமுனையில் காசு கேட்டார்கள். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் மனைகள் அவர்களுக்குக் கோட்டை. பெற்றோர் எவ்வளவு தடுத்தும் பயனில்லை. தெருவை அதிகாரபூர்வமாகவே விளையாட்டுக்கு ஒதுக்கிவிடும் உரிமையை 1938-ல் ஒரு சட்டம் நகராட்சிகளுக்கு வழங்கியிருந்தது. லங்காஷயரில் அதைப் பயன்படுத்திய ஊர்கள் உண்டு.

1960-களின் தொடக்கத்தில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு தெருக்களில் ஷெர்லி பேக்கர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்தால் நான் எழுதியவை எல்லாம் கண்முன் நிற்கும். அந்தப் படங்களில் கவனிக்க வேண்டியது பிள்ளைகளைச் சுற்றியிருக்கும் பெரியவர்களை: வாசற்படியில் அமர்ந்து உருளைக்கிழங்கு உரிக்கும் ஒருத்தி, சுவரில் சாய்ந்து நிற்கும் மற்றொருத்தி. தெருவில் யாருடைய பிள்ளை என்ன தவறு செய்தாலும் யார் வேண்டுமானாலும் கண்டிக்கலாம் என்பது எழுதப்படாத விதி. ஆனால் பாதுகாப்பான தெரு என்ற பேச்சை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கார்கள் பெருகப் பெருக, தெருவில் ஆடிப் பழகிய பிள்ளைகளே முதலில் அடிபட்டார்கள். 1966-ல் பிரிட்டனின் சாலைகளில் இறந்தவர்கள் 7,985 பேர். அமைதிக் காலத்தில் அதைவிட அதிகமான எண்ணிக்கை ஒருபோதும் பதிவாகவில்லை, இன்றைய எண்ணிக்கை அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாசற்படியைச் சொன்னால் அதைத் தேய்த்தவர்களையும் சொல்ல வேண்டும். பழந்துணி வாங்குபவர் கந்தலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஒரு வகைத் தேய்ப்புக் கல்லால், வாரத்தில் ஒரு நாளாவது முழங்காலிட்டுப் படியின் விளிம்பை வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ தேய்த்து வைப்பது அந்த ஊர்ப் பெண்களின் மானப் பிரச்சினை. தேய்க்காத படி இருந்தால் தெரு முழுவதும் பேசும். அந்தக் கல்லைத் தயாரித்த கடைசித் தொழிற்சாலை ஆஷ்டன்-அண்டர்-லைனில் 1979 வரை இயங்கியது. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள்: விடியுமுன் கொப்பரையில் தண்ணீர் காய்ச்சி, தொட்டியில் போட்டுக் கட்டையால் கிண்டி, அலசி, இரண்டு உருளைகளுக்கிடையே துணியைக் கொடுத்துக் கையால் சுழற்றிப் பிழிந்து, பின்சந்தில் குறுக்கே கட்டிய கொடியில் உலர்த்தி முடிப்பதற்குள் மாலையாகிவிடும். அன்று சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய குளிர்ந்த இறைச்சிதான். காற்று ஆலைப் பக்கமிருந்து அடித்தால் உலர்த்திய வெள்ளைத் துப்பட்டியில் கரிப்புள்ளி விழும், மறுபடியும் துவைக்க வேண்டும். இவர்களில் பலர் பகலில் நெசவுக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள். தறிகளின் இரைச்சலில் காது கேட்காது என்பதால் உதட்டசைவைப் பெரிதாக்கிப் பேசப் பழகியிருந்தார்கள். பிள்ளைகள் கேட்கக் கூடாத செய்தியை வீட்டிலும் சத்தமே இல்லாமல் அப்படிப் பரிமாறிக்கொண்டதை என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஏக்கத்தோடு பேசுபவர்களில் மகன்கள் அதிகம், தாய்மார்கள் மிகக் குறைவு. உயிரோடு இருந்த காலத்தில் அந்தத் தாய்மார்களிடம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், பெரும்பாலும், சலவை இயந்திரத்துக்கான நன்றியாகத்தான் இருந்தது.

கடை என்றால் கூட்டுறவுக் கடை. நவீன கூட்டுறவு இயக்கமே 1844-ல் ராச்டேலில் பிறந்தது என்பதால் இந்தப் பகுதியில் அதன் பிடி வலுவானது. வாங்கிய பொருளின் மதிப்புக்கு ஏற்ப உறுப்பினருக்கு இலாபப் பங்கு கிடைக்கும்; அதற்காக ஒவ்வொரு முறையும் குடும்பத்தின் உறுப்பினர் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைக்கு அனுப்பப்படும் பிள்ளை எண்ணை மறந்துவிட்டு வந்தால் வீட்டில் அடி விழும். எண்பது வயதைக் கடந்த என் அண்டை வீட்டு மூதாட்டிக்குத் தம் கைப்பேசி எண் நினைவில்லை. அம்மாவின் கூட்டுறவு எண்ணை மூச்சு விடாமல் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குக் காலணி வாங்கியது அந்தப் பங்குத் தொகையில்தான் என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்படும். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு வாரம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த வாரத்தில் ஏறத்தாழ ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிப் போய்விடும். கடைகள் அடைத்திருக்கும், அங்கே கடற்கரையில் சந்திப்பவர்களும் எதிர்வீட்டுக்காரர்களாகவே இருப்பார்கள். ரயிலில் பிளாக்பூல் கோபுரத்தை முதலில் பார்க்கும் பிள்ளைக்கு அப்பா ஒரு நாணயம் கொடுப்பார், எனவே கடைசிப் பத்து மைல்கள் எல்லாப் பிள்ளைகளின் மூக்கும் ஜன்னல் கண்ணாடியில் அழுந்தியிருக்கும். தங்கும் விடுதியில் காலை உணவுக்குப் பின் வெளியேறினால் மாலையில்தான் திரும்பலாம். மழை பெய்தாலும் விதி தளராது. ஆனால் இந்த விடுமுறை வாரத்தைப் பற்றி நான் கேட்டதில் மிக முக்கியமானது ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் சொன்னது. புகைபோக்கிகள் ஓய்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில், ஆண்டு முழுவதும் மறைந்திருந்த பென்னைன் மலைச்சரிவு தெருமுனையிலிருந்து தெளிவாகத் தெரியுமாம்.

அந்தப் புகை எளிதான விஷயம் அல்ல. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தில் நான்காயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் அதைப் பன்னிரண்டாயிரம் வரை உயர்த்துகின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதன் விளைவாகத்தான். வடக்கு நகரங்களின் பிள்ளைகளுக்குக் குளிர்கால இருமல் இயல்பான ஒன்றாக இருந்தது. நோய்களில் அதிகம் அஞ்சப்பட்டது இளம்பிள்ளை வாதம். 1947-ல் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் தாக்கப்பட்டார்கள். கோடையில் நீச்சல் குளங்களை மூடுவதும், திரையரங்குக்குப் பிள்ளைகளை விடாமல் வைத்திருப்பதும் வழக்கமாயின. 1956-ல் தடுப்பூசி வந்த பிறகும் பலர் தயங்கினார்கள். 1959-ல் பர்மிங்ஹாம் சிட்டி அணியின் கால்பந்து வீரர் ஜெஃப் ஹால், 29 வயதில், அந்த நோயால் இறந்த பிறகுதான் ஊசி போட்டுக்கொள்ள இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் வாரத்தில் ஓரிரு முறை மட்டுமே பார்க்கலாம் என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது; அதை மாற்றச் சொல்லி 1959-ல்தான் அரசுக் குழு பரிந்துரைத்தது. தொண்டையில் சதை எடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டு, அம்மா ஏன் வரவில்லை என்று தெரியாமல் படுத்திருந்த இரவுகளை எழுபது வயதிலும் மறக்காதவர்கள் உண்டு. இனிய நினைவுகளைச் சொல்லும்போது அவர்கள் இதைச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

பள்ளிக்கூட நினைவுகளில் எல்லாரும் பேசுவது பாலைப் பற்றி. 1946 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கு மூன்றில் ஒரு பைன்ட், ஏறத்தாழ 190 மில்லி, இலவசம். குளிர்காலத்தில் புட்டி உறைந்து, பால் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே நிற்கும். ஆசிரியை அதை வெப்பக் குழாயருகே வைத்தால் வெதுவெதுப்பாகிக் குமட்டும். ஏழு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு 1971-ல் அதை நிறுத்தியதற்காக அப்போதைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சரைத் திட்டுபவர்களும், அந்தப் பாலை வெறுத்தவர்களும் பல நேரங்களில் ஒரே ஆட்கள்.

பதினோரு வயதுத் தேர்வுதான் அந்தத் தலைமுறையை இரண்டாகப் பிளந்தது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையொட்டி அமைந்த முறையில், தொடக்கப் பள்ளியின் இறுதியில் எழுதும் ஒரு தேர்வில் தேறிய நாலில் அல்லது ஐந்தில் ஒரு பிள்ளை, தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான ‘கிராமர் ஸ்கூல்’ என்ற உயர்தரப் பள்ளிக்குப் போகும். மீதிப் பேரில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் தரமாகக் கருதப்பட்ட பள்ளிக்குச் சென்று, பதினைந்து வயதில் ஆலைக்கோ கடைக்கோ போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இடங்கள் குறைவாக இருந்த ஊர்களில் அவர்கள் ஆண் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் பெற்றால்தான் தேற முடிந்தது. முடிவு தபாலில் வரும். தேறியவனுக்குச் சைக்கிள், தேறாதவன் அடுத்த வாரம் முதல் அதே தெருவில் அவனோடு விளையாடக் கூச்சப்படுவான். இன்று நீண்ட நினைவுக் கட்டுரைகளை எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறியவர்கள் என்பதை மறக்காமல்தான் அவற்றை வாசிக்க வேண்டும்.

ஊர் எப்படி இல்லாமல் போயிற்று என்பதைச் சொன்னால்தான் பதில் நிறைவடையும். 1958-ல், பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பின் முதன்முறையாக, பிரிட்டன் ஏற்றுமதி செய்ததைவிட அதிகமான பருத்தித் துணியை இறக்குமதி செய்தது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த துணி அதில் பெரும்பங்கு. ஒரு காலத்தில் இந்திய நெசவைச் சாய்த்த லங்காஷயருக்கு இப்படி நேர்ந்ததை இங்குள்ள சில முதியவர்களே சிரிப்போடு ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த ஒரு சட்டம், தறிகளையும் நூல் நூற்கும் கதிர்களையும் உடைத்துப் போட முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. ரயில்வேயின் நட்டத்தைக் குறைப்பதற்காக 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. நடைமேடை ஓரத்தில் குறிப்பேட்டோடு நின்று எஞ்சின் எண்களைச் சேகரித்த சிறுவர்கள், 1968 ஆகஸ்டில் நீராவி எஞ்சின்களின் இறுதி ஓட்டத்தைப் பார்த்ததும் இதே மாவட்டத்தில்தான். பர்ன்லியின் ரோஸ் குரோவ், பிரெஸ்டன் அருகே லாஸ்டாக் ஹால், கார்ன்ஃபர்த் ஆகியவையே கடைசி நீராவிப் பணிமனைகள். வீடுகளைச் சேரி என்று அறிவித்துத் தெருத்தெருவாக இடித்தார்கள். மான்செஸ்டரின் ஹியூம் பகுதியில் இடித்த இடத்தில் 1972-ல் எழுந்த பிறைவடிவ அடுக்குமாடிகள், இருபதே ஆண்டுகளில் அவையும் இடிக்கப்படும் அளவுக்குத் தோல்வியடைந்தன. புதுக் குடியிருப்பில் குளியலறையும் வெந்நீரும் கிடைத்ததற்கு மகிழ்ந்தவர்கள்தான், வாசற்படியில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை என்று குறைப்பட்டார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது சரியல்ல.

அதே தெருக்களில் வளர்ந்தும் இந்த ஏக்கத்தில் பங்கு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆலைகள் தாக்குப்பிடிக்க இரவுப் பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1950-களின் இறுதியிலிருந்து பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள், பின்னர் குடும்பங்களும் வந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே கருங்கல் சாலை, அதே உறைந்த பால். ஆனால் பக்கத்து மாவட்டமான யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டில், 1964 முதல், ஒரு பள்ளியில் அவர்கள் எண்ணிக்கை கூடிவிடக் கூடாதென்று தினமும் காலையில் பேருந்தில் ஏற்றித் தொலைவிலிருந்த பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1980 வரை இது நீடித்தது. பள்ளி முடிந்து பேருந்து உடனே கிளம்பிவிடும் என்பதால் வகுப்புத் தோழர்களோடு மாலையில் விளையாட அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்களிடம் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது அந்தப் பேருந்தும், தாமதமாக வந்ததற்காக வகுப்பில் வாங்கிய திட்டும்தான்.